குழந்தை வண்டி போகும் மலை

என் வீட்டுக்காரருக்கு ஊர்சுற்றி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, அவராக வைத்துக்கொண்டது. பயணங்களைப் பற்றி எழுதும் ஓர் இணையதளத்தில் அந்தப் பெயரில்தான் எழுதுகிறார். பனிமலை, பாலைவனம், தீவு, காட்டருவி என்று அவர் கால் படாத இடமே இல்லை என்று வாசகர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அவர் கால் படுகிற இடங்கள் எங்கள் வீடும், மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கும் அவருடைய அலுவலகமும், இரண்டுக்கும் நடுவே உள்ள டீக்கடையும்தான். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிவிட்டால், அது சரியாகும்வரை கீழேயே நின்று மெத்தை விலை விசாரித்துக்கொண்டிருப்பார். மாடிப்படி ஏறமாட்டார்.

ஒருநாள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார் என்று எடுத்துக்கொண்டு போனபோதுதான் அந்த அலுவலகத்தைப் பார்த்தேன். ஜன்னல் கிடையாது. ஒரு சுவர் முழுக்க மலையும் ஏரியுமாகப் படம் ஒட்டியிருந்தார்கள்; ஏரியின் நடுவே ஸ்விட்ச் போர்டு. அதற்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து எல்லாரும் உலகம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தொழில் ஒன்றும் கடினமில்லை. வேறு தளத்தில் யாரோ எழுதியதைத் திறந்துவைத்துக்கொண்டு, வார்த்தைகளை இடம் மாற்றிப்போட்டு, ஆங்காங்கே "நான்" என்று சேர்த்துவிட வேண்டும். திருட்டு என்று சொன்னால் கோபம் வரும். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'புத்துணர்வூட்டல்'.

அங்கே மேலாளராக இருப்பவரை எல்லாரும் க்ளிக் என்றுதான் சொல்வார்கள். ஒரு கட்டுரையை எத்தனை பேர் தட்டித் திறந்தார்கள் என்பதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் ஒரு மலையைப் பற்றி எழுதியபோது, முதலில் நேர்மையாகத்தான் எழுதினார். மலைமேல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று ஏரிகள். ஏதோ ஒரு மலையேறும் குழு அதைப் பற்றி நாலு வரி போட்டிருந்தது: பாதை செங்குத்து, பழக்கம் உள்ளவர்கள் மட்டும் வரவும், மேல் ஏரி கரையிலேயே ஆழம். இவர் அதைப் புத்துணர்வூட்டிக் கொண்டுபோனார். க்ளிக் மூக்கைச் சுளித்தாராம்.

"கஷ்டம், செங்குத்து, ஆழம்னு போட்டா எவன் சார் படிப்பான்? குடும்பத்தோட போகலாம்னு போடுங்க. குடும்பம்னா ஒரு ஆள் படிச்சு நாலு ஆளுக்கு அனுப்புவான்."

அன்று மதியமே மலை இறங்கி வந்தது. செங்குத்து, மிதமான ஏற்றமாகி, மிதமான ஏற்றம் இதமான சரிவாகி, கடைசியில் "குழந்தையை வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே போகலாம்" என்பதில் வந்து நின்றது. வழியில் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று ஆமை வடிவத்தில் ஒரு பாறையை இவரே படைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, "மேல் ஏரியின் நடுவே இருக்கும் திட்டுவரை நீந்திப் போய், அதில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தேன். அன்றுதான் நான் பிறந்தேன்" என்று முடித்திருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. குளியலறையில் வாளி நிரம்பி வழிந்தாலே குழாயை மூடச் சொல்லிக் கத்துகிற ஆள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் புளுகு மூன்று வருடம் ஓடியது. ஏனென்றால் மற்ற தளங்களெல்லாம் இவருடையதை எடுத்துப் புத்துணர்வூட்டிக்கொண்டன. ஒருநாள் இவருக்கே லேசாக உறுத்தியிருக்கிறது. சரிபார்த்துவிடலாம் என்று தேடினார். எதைத் திறந்தாலும் இதமான சரிவு, குழந்தை வண்டி, ஆமைப்பாறை.

"பாத்தியா, எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்," என்று என்னிடம் காட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

எனக்கு எல்லாம் தெரியும். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மாத்திரை அட்டைக்குப் பின்னால் எறும்பு எழுத்தில் இருப்பதைப் படித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. வீட்டுக்குள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவேன். யாருக்கும் ஒரு கெடுதலும் ஆகவில்லையே, அவர் பாட்டுக்கு எழுதிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். கெடுதல் ஆகவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை, வேறு யாரும் கேட்கவுமில்லை.

தெரியாத ஒரே ஆள் எங்கள் மகள். நான்காம் வகுப்புப் படிக்கிறாள். அப்பா எழுதியதை வரிவரியாக ஒப்பிப்பாள். அப்பா நீந்திய ஏரியில் தானும் நீந்த வேண்டும் என்பதற்காகவே நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள்; அங்கே இப்போது அவள்தான் முதல். "எப்பப்பா போறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இவர் மழைக்காலத்தில் மழை என்பார், வெயில் காலத்தில் வெயில் என்பார், இரண்டும் இல்லாத காலத்தில் க்ளிக் லீவு தரவில்லை என்பார்.

இப்படியே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் அவள் வகுப்பில் ஒரு பெண், "உங்கப்பா அங்கெல்லாம் போனதே இல்ல, சும்மா ரீல் விடுறார்னு எங்கப்பா சொன்னார்," என்று சொல்லிவிட்டாள். என் மகள் சாப்பாட்டு டப்பாவாலேயே அந்தப் பெண்ணின் நெற்றியில் ஒன்று போட்டாள். தலைமை ஆசிரியை என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"ஏம்மா அடிச்ச?" என்று அவர் என் எதிரிலேயே கேட்டார்.

"எங்கப்பாவைப் பொய்யர்னு சொன்னா மிஸ்."

எதிரே அந்தக் குழந்தை புடைத்த நெற்றியில் ஐஸ்கட்டியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. உண்மையைச் சொன்னதற்கு அடிவாங்கிய பிள்ளை. அதை அந்த அறையில் அறிந்தவள் நான் ஒருத்திதான். மகளை மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். கேட்டாள். கேட்ட கையோடு, "ஆனா எங்கப்பா பொய் சொல்லமாட்டார்," என்றும் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. என்றைக்காவது இவளுக்குத் தெரியத்தான் போகிறது. அன்றைக்கு அப்பாவை எந்தக் கண்ணால் பார்ப்பாள்? எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

அன்று மாலை அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் தீர்ப்பை வாசித்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை போறோம். நீங்க நடுத்திட்டு வரைக்கும் நீந்திப் போங்க. அம்மா வீடியோ எடுப்பாங்க. நான் ஸ்கூல்ல காட்டணும்."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவர் போல நெளிந்தார். மகள் விளையாடப் போனதும் சமையலறைக்குள் என்னைத் தேடி வந்தார்.

"என்னம்மா பண்றது?"

"உண்மையைச் சொல்லிடுங்க. அப்பா வாயால கேட்டா கொஞ்சம் அழுவா, மறந்துடுவா. ஊரார் வாயால கேட்டா மறக்கமாட்டா."

"சொல்லிடறேன். போற வழியில, நல்ல சமயமாப் பார்த்து."

"வழியிலயா? அப்ப போறோமா?"

"குழந்தை வண்டியே போகுமாம், நாம போக முடியாதா?"

"போகும்னு யாரு சொன்னது?"

"அதான் எல்லாத் தளத்துலயும்..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் எங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டது. ஊர்ப்பட்ட குடும்பங்கள் வந்திருந்தன. பிள்ளைகள் வீட்டிலிருந்தே நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அத்தனை பேரும் கையில் போனை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரின் கட்டுரையைப் பார்த்துப் பார்த்து வழி தேடிக்கொண்டிருந்தார்கள். பாதையின் முதல் படியே என் முட்டி உயரம்.

"இதமான சரிவு எங்கங்க?" என்றேன்.

"ஆரம்பத்துல கொஞ்சம் இப்படித்தான் இருக்கும்," என்றார் அனுபவசாலி.

ஆரம்பத்திலும் அப்படித்தான் இருந்தது, அதற்குப் பிறகும் அப்படியேதான் இருந்தது. கல், வேர், கல், மண் சரிவு, மறுபடி கல். முதல் வளைவிலேயே அவர் குக்கர் மாதிரி மூச்சு விட ஆரம்பித்தார். மகள் ஆட்டுக்குட்டி போல முன்னால் தாவி ஏறிக்கொண்டே, "அப்பா, நீங்க ஓய்வெடுத்த மரம் இதுதானே? அப்பா, நீங்க தண்ணி குடிச்ச ஊத்து எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டு போனாள். இவர் கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் காட்டினார். ஊற்று வற்றிவிட்டது என்றார். நான் அவர் விலாவில் இடித்து, "இப்ப சொல்லுங்க," என்றேன். "மூச்சு வரட்டும்," என்றார்.

அடுத்த வளைவில் ஓர் இளைஞர் குழந்தை வண்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தார். பின்னால் அவர் மனைவி இடுப்பில் கைக்குழந்தையோடு, மலையைப் பார்க்காமல் புருஷனையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த மடையன் எழுதினான்னு தெரியல சார்," என்றார் அந்த வண்டிக்காரர், கேட்காமலே. "தள்ளிக்கிட்டே போகலாமாம்! ஊர்சுற்றியாம்! அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா, இந்த வண்டியிலேயே வச்சுக் கட்டி மேல இருந்து உருட்டி விட்டுடுவேன்."

மகள் வாயைத் திறந்தாள். நான் உரித்த வாழைப்பழம் ஒன்றை அந்த வாய்க்குள் வைத்தேன். என் வீட்டுக்காரர் பாய்ந்து போய், "கொடுங்க சார், ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்," என்று வண்டியின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டார். தன் உடம்பையே தூக்க முடியாத மனிதர் அந்த வண்டியை மலை முழுக்கச் சுமந்தார். வண்டிக்காரர் ஊர்சுற்றியின் ஏழு தலைமுறையையும் வைது தீர்த்தார். ஒவ்வொரு வசவுக்கும் இவர், "ஆமாங்க, சரியாச் சொன்னீங்க," என்று ஒத்து ஊதிக்கொண்டே ஏறினார். மகள் பழத்தை மென்றுகொண்டே இரண்டு பேரையும் முறைத்தாள்.

அதற்கு மேல்தான் அந்த அதிசயத்தைக் கண்டோம். பாதை ஓரத்தில் ஒரு பாறை. அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் 'ஆமைப்பாறை' என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. ஓர் அப்பா தன் பிள்ளைகளிடம், "இதுதான் தலை, இதுதான் ஓடு, நல்லாப் பாருங்க," என்று விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்க அது சுருட்டி வைத்த மெத்தை போல இருந்தது.

"அப்பா! நீங்க எழுதின மாதிரியே இருக்குப்பா!" என்று மகள் குதித்தாள்.

அவர் வண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பாறையையே பார்த்தார். பிறகு என் காதோரம் குனிந்து, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்: "ஏம்மா, ஒருவேளை நான் இங்க வந்திருக்கேனோ?"

"வெயில் தலைக்கேறிடுச்சு. தண்ணி குடிங்க."

முதல் ஏரியைத் தாண்டிப் போனபோது அது ஏரி என்று யாருக்கும் தெரியவில்லை. குட்டை என்று நினைத்துச் செருப்பு நனையாமல் ஒதுங்கிப் போனோம். இரண்டாவது ஏரியில் எருமை இறங்குவதென்றாலும் ஒருமுறை யோசிக்கும். வண்டிக்காரர் திரும்பிவிடலாம் என்றார். ஆனால் மேலிருந்து இறங்கி வந்தவர்கள் எல்லாரும் தலை சொட்டச் சொட்ட, முகமெல்லாம் பல்லாக வந்தார்கள். "சூப்பரா இருக்குங்க! இன்னும் பத்து நிமிஷம்தான்! விட்றாதீங்க!" அந்தப் பத்து நிமிடம் ஏறி முடிக்க எங்களுக்கு உச்சி வெயில் ஆகிவிட்டது.

மேல் ஏரி அழகாகத்தான் இருந்தது. அதில் நான் குறை சொல்லமாட்டேன். மலைகளுக்கு நடுவே கரும்பச்சையாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. ஆனால் தண்ணீருக்குள் ஒருவர்கூட இல்லை. கரை முழுக்கக் கூட்டம். எல்லாரும் பாட்டிலில் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, நீந்திவிட்டுக் கரையேறியவர்கள் போல முடியைச் சிலுப்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரரின் மனைவி ஓர் அம்மாளிடம், "இறங்கலையா அக்கா?" என்று கேட்டார்.

"எங்க இறங்குறது? கரையிலேயே ஆழம். கல்லைப் போட்டுப் பார்த்தோம், சத்தமே வரல," என்றார் அந்த அம்மாள், சொட்டுகிற தலையைத் துவட்டாமலே. "அதுக்காக இவ்வளவு தூரம் வந்துட்டு வெறும் தலையோடவா போறது? ஏமாந்துட்டோம்னு ஊர் சிரிக்காதா?"

மகள் ஏரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"அப்பா, திட்டு எங்கப்பா?"

"தண்ணி ஏறியிருக்குல்ல, அதான் மூழ்கியிருக்கு," என்றார். யோசிக்கவே இல்லை. என்ன வாய் அது!

நான் அவர் கையைக் கிள்ளினேன். இதற்கு மேல் சமயம் எங்கே வரும்? அவரும், "பாப்பா, அப்பா ஒண்ணு சொல்லணும்," என்று தொடங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து வண்டிக்காரர் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி ஆரம்பித்தார்.

"பொறுக்கி! நீந்தினானாம், படுத்தானாம், பிறந்தானாம்! பொய்யில பிறந்து பொய்யில வளர்ந்தவன்!"

வாழைப்பழம் தீர்ந்து போயிருந்தது.

"எங்கப்பாதான் ஊர்சுற்றி!" என்று மகள் கத்தினாள். மலையில் மோதித் திரும்பி வந்தது அந்தக் குரல். "எங்கப்பா பொய் சொல்லமாட்டார்!"

கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடி விழப் போகிறது என்றுதான் நினைத்தேன். விழுந்திருந்தாலும் நான் தடுத்திருக்கமாட்டேன். வண்டிக்காரர் வாயைப் பிளந்து இவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

"சார்! நீங்களா! இவ்வளவு நேரம் கூடவே வந்துட்டு ஒரு வார்த்தை சொல்லலையே சார்! வண்டியை வேற தூக்கிட்டு வந்தீங்களே! ஒரே ஒரு செல்ஃபி சார்!"

அடிவாரத்திலிருந்து அவரைச் சபித்துக்கொண்டே ஏறி வந்த அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். "உங்க எழுத்தைப் படிச்சா நேர்ல பார்த்த மாதிரியே இருக்கும் சார்," என்றார் தலை துவட்டாத அம்மாள், அதை நேரில் பார்த்துக்கொண்டு நின்றபடியே. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான், "சார், ஒரு தடவை நீந்திக் காட்டுங்க சார்!" என்று எடுத்துக்கொடுத்தார். எல்லாப் போன்களும் ஒன்றாக மேலே எழும்பின.

"வேண்டாங்க," என்றேன். "சொல்லிடுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். அவள் முகம் பூரித்துப் போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை, செத்துப் போகத் தைரியம் வந்துவிட்டது. ஆண்பிள்ளைகளின் வீரத்தை நான் என்னவென்று சொல்ல! மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஓர் அடி வைத்தார், கணுக்கால் நனைந்தது. அடுத்த அடி வைத்தார், ஆளைக் காணோம்.

கூட்டம் கைதட்டியது. "முங்குநீச்சல் பாருடா!" என்றார் ஒருவர். ஒரு கை மட்டும் தண்ணீருக்கு மேலே வந்து விரல்களை விரித்தது. "நமக்குக் கை காட்டுறார்," என்று அந்த அம்மாள் திருப்பிக் கை காட்டினார். நான் அலறினேன். அந்த அலறல் கைதட்டலில் கரைந்து போனது.

என் மகள் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கல்ல, வண்டிக்கு. தத்தளிப்பவரைக் காப்பாற்ற நாமும் குதிக்கக் கூடாது, எதையாவது நீட்ட வேண்டும் என்பதைத்தான் நீச்சல் வகுப்பில் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தை தாயின் இடுப்பில் இருந்தது, வண்டி காலி. அதைத் தரதரவென்று இழுத்து வந்து தண்ணீருக்குள் சரித்து, "அம்மா, பிடிங்க!" என்றாள். நானும் வண்டிக்காரரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டோம். அந்தக் கை சக்கரத்தைத் தடவிப் பிடித்தது. இழுத்தோம். இருமிக்கொண்டு, காதில் பாசியோடு, என் மாங்கல்யம் கரையேறியது. அந்த மலையில் குழந்தை வண்டி உருண்டது அந்த ஒரு தடவைதான்.

கைதட்டல் மெல்ல அடங்கியது. வண்டிக்காரர் இவரையும் தண்ணீரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு நீச்சல்..." என்று இழுத்தார்.

"அப்பாவுக்குக் காதுல சீழ்," என்றாள் என் மகள். அவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "முங்கினா தலை சுத்தும். தண்ணியில இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான்தான் கூட்டிட்டு வந்துட்டேன். இல்லன்னா அந்தக் கரைக்கே போயிட்டு வருவார்."

திக்கவில்லை, திணறவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கூட்டம், "ஐயோ பாவம், உடம்பு முடியாமலும் நமக்காக இறங்கியிருக்காரே!" என்று மறுபடி கைதட்டியது. நான் அவருடைய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். கண்ணாடிக் கிளாஸை உடைத்தால்கூட ஓடி வந்து தானே சொல்கிற பிள்ளை அது. அவருக்குக் காதில் சீழும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருந்தால் சொட்டு மருந்து நான்தானே கொண்டு வந்திருப்பேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவர்மேல் பாதி, இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்த என்மேல் பாதி.

இறங்கும்போது அவள் எங்களுக்கு முன்னால் தனியாகப் போனாள். மரத்தையும் கேட்கவில்லை, ஊற்றையும் கேட்கவில்லை. அவர் ஈரச் செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போட என் பக்கத்தில் வந்தார். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நல்லவேளை. பாப்பாவுக்குச் சந்தேகமே வரல."

நான் நின்றுவிட்டேன்.

"உங்க காதுல சீழா?"

"சீழா? இல்லையே."

"பின்ன எதுக்கு அவ அப்படிச் சொன்னா?"

அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் அங்கிருந்த கல்லில் தொப்பென்று உட்கார்ந்தார். ஏரிக்குள் போன போதுகூட அவர் முகம் அப்படி வெளுக்கவில்லை.

"எப்படித் தெரிஞ்சுது?"

"நீச்சல் தெரிஞ்ச எவன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இறங்குவான்? அவ வகுப்புல முதல் ஆள், மறந்துட்டீங்களா? இனிமே உங்களுக்காகப் பொய் சொல்ல வீட்டுலயே நாங்க ரெண்டு பேர். சந்தோஷமா?"

அப்போது கீழேயிருந்து ஒரு குடும்பம் ஏறி வந்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். சின்னது இடுப்பில் காற்றடைத்த வாத்து வளையத்தை இப்போதே மாட்டிக்கொண்டு, அது கல்லில் இடிக்க இடிக்க நடந்து வந்தது.

"ஏரி எப்படி சார்? குழந்தைங்களை இறக்கலாம்ல?" என்று அந்தக் கணவர் மேல்மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

முன்னால் போன என் மகளும் நின்று திரும்பினாள். அப்பாவைப் பார்க்கவில்லை, அந்த வாத்து வளையத்தைப் பார்த்தாள். எனக்கு வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"இறக்காதீங்க," என்றார் என் வீட்டுக்காரர். "கரையிலேயே ஆழம். ஆளையே முழுங்கிடும்."

"இல்லையே சார், இதுல வேற மாதிரி போட்டிருக்கே," என்று அவர் போனை நீட்டினார். "எழுதினவரு நடுவரைக்கும் நீந்தியிருக்காரே?"

"அவன் இங்க வந்ததே இல்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இவர் எழுந்து நின்றார். அந்த ஆளுக்குத்தான் பதில், ஆனால் கண் மகள்மேல் இருந்தது.

"நான்தான் அவன். ஊர்சுற்றி நான்தான். எனக்கு நீச்சல் தெரியாது. இன்னைக்குத்தான் முதல் தடவையா மலை ஏறினேன். திட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆமைப்பாறையும் நான் கட்டிவிட்ட கதைதான்."

மூன்று வருடமாக வராத வார்த்தைகள் அவ்வளவும் வந்துவிட்டன. அந்தக் கணவர், காதில் பாசியும் உடம்பெல்லாம் ஈரமுமாக நின்ற இந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆமைப்பாறையை இப்பத்தான் சார் பார்த்துட்டு வர்றோம்."

"வாங்க நீங்க," என்று மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தார். "தலையைப் பாருங்க, எப்படிச் சொட்டுது! இவங்க மட்டும் நல்லாக் குளிச்சுட்டு, நம்மளைப் போக விடாம கதை கட்டறாங்க. என்ன மனுஷங்களோ!"

அவர்கள் எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள். வாத்து வளையம் கல்லில் இடித்துக்கொண்டே போவது கேட்டது. அவர் வாயில் வந்த முதல் நிஜத்தை வாங்க அந்த மலையில் ஆளில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

மகள் ஏறி வந்து அவர் எதிரில் நின்றாள். அழுதிருக்கிறாள் என்று கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"அவங்க நம்பலையேம்மா," என்றார் அவளிடம், ஏதோ அவள்தான் பெரியவள் போல.

"நான் நம்பறேன்," என்றாள். அவர் காதில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துக் கீழே போட்டாள். "அந்தக் குட்டி தண்ணியில இறங்கிடும்பா. வாங்க."

சொல்லிவிட்டு வந்த வழியே மேலே ஏறத் தொடங்கினாள். அவர் மலையைப் பார்த்தார், தன் முட்டியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"முட்டி கழண்டுடும் போல இருக்கும்மா."

"கழண்டா நான் தூக்கிட்டு வர்றேன். நடங்க," என்றேன்.

ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறினார். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கை நீட்டினால் எட்டுகிற தூரத்திலேயே ஏறிக்கொண்டிருந்தாள்.